இணைகரத்தின் எதிர்ப் பக்கங்கள் சமன்: நிறுவலை எழுதும் முறை

இணைகரம் என்றால் என்ன என்று கேட்டால், மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ எந்த வகுப்பிலும் “எதிர்ப் பக்கங்கள் சமனாகவும் சமாந்தரமாகவும் உள்ள நாற்பக்கல்” என்று ஒரே மூச்சில் மறுமொழி வரும். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் நிறுவல் கெட்டுப்போவது அங்கேதான். வரைவிலக்கணத்தில் இருப்பது சமாந்தரம் மட்டுமே: எதிர்ப் பக்கச் சோடிகள் இரண்டும் சமாந்தரமாக உள்ள நாற்பக்கல் இணைகரம். “சமன்” என்பது அதிலிருந்து நாம் பிறப்பிக்க வேண்டிய முடிவு. அதை வரைவிலக்கணத்துக்குள்ளேயே போட்டுவிட்ட பிள்ளைக்கு நிறுவ ஒன்றும் மிஞ்சாது. பிறகு கொப்பியில் எழுதுவதெல்லாம் மனனம்தான்.

ஆகவே ஒவ்வொரு வரியை எழுதும்போதும் “இப்போது என் கையில் என்ன இருக்கிறது?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் கையில் இருப்பவை இரண்டு சமாந்தரங்கள் மட்டுமே. கடைசி வரி வரைக்கும் வேறெதையும் கடன் வாங்காமல் போக முடிந்தால் நிறுவல் சரி.

பரீட்சைத் தாளில் உச்சிகளுக்கு ஆங்கில எழுத்துகள் வரும். இங்கே க, ச, த, ப என்று வைத்துக்கொள்வோம். எந்த எழுத்தானாலும் முறை ஒன்றுதான்.

முதலில் படம்

படத்தைச் சரியாகக் கீறாததால் கெட்டுப்போன நிறுவல்கள் ஏராளம். செவ்வகம் போலக் கீறினால் கோணங்களெல்லாம் 90° போலத் தெரியும். நான்கு பக்கங்களையும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் கீறினால் சாய்சதுரமாகிவிடும், அப்போது மூலைவிட்டம் உச்சிக் கோணத்தை இரு சம பாதியாக வெட்டும். இரண்டுமே இணைகரத்துக்குப் பொதுவாக உள்ள இயல்புகள் அல்ல. ஆனால் கண்ணில் பட்டது கையில் வந்துவிடும், பிள்ளை அதைத் தரவு என்று நம்பி எழுதிவிடும்.

எனவே பக்கங்களின் நீளங்கள் தெளிவாக வேறுபட வேண்டும், கோணம் சரிந்திருக்க வேண்டும். அடிமட்டத்தால் கச = 6 சென்ரிமீற்றர் கிடையாகக் கீறுங்கள். க இல் பாகைமானியை வைத்து 65° குறித்து, அந்தத் திசையில் கப = 4 சென்ரிமீற்றர் எடுங்கள். இனி மூலைமட்டத்தின் ஒரு விளிம்பைக் கச மீது பொருத்தி, இன்னொரு விளிம்பை அடிமட்டத்தோடு ஒட்டி, அடிமட்டத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மூலைமட்டத்தை மட்டும் வழுக்கிக்கொண்டு ப வரைக்கும் கொண்டுபோய் ஒரு கோடு கீறுங்கள். இதே முறையில் கப இற்குச் சமாந்தரமாக ச ஊடாக இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம் த. அடிமட்டம் ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தாலும் த இடம் மாறிவிடும், அதனால் இடக் கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அடிமட்டத்தின் இரு முனைகளையும் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இந்த வரைதலில் நாம் அளந்து வைத்தவை இரண்டு பக்கங்களும் ஒரு கோணமும்தான். பத, சத ஆகியவற்றை அளக்கவே இல்லை. அவை சமாந்தரக் கோடுகள் வெட்டிக்கொண்டதால் தாமாக வந்த நீளங்கள். இப்போது அளந்து பாருங்கள்: பத 6 சென்ரிமீற்றர், சத 4 சென்ரிமீற்றர். மூலைவிட்டம் கத ஏறக்குறைய 8.5, மற்ற மூலைவிட்டம் சப ஏறக்குறைய 5.6 சென்ரிமீற்றர் வரும். மூலைவிட்டங்கள் இப்படி வேறுபட்டால்தான் படம் நல்ல படம்.

அளந்து பார்த்தாயிற்றே, இனி ஏன் நிறுவ வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டால் அது நல்ல கேள்வி, தட்டிக்கழிக்கக்கூடாது. பென்சில் கோட்டுக்கே அரை மில்லிமீற்றர் தடிப்பு உண்டு. 6.0 என்று வாசித்தது 5.97 ஆகவும் இருக்கலாம். அதோடு நாம் அளந்தது இந்த ஒரு படத்தை மட்டும். 65° ஐ 20° ஆக்கினாலும், 4 ஐ 400 ஆக்கினாலும் இது நடக்குமா என்பதற்கு அடிமட்டம் மறுமொழி சொல்லாது. நிறுவல் சொல்லும்.

எந்தக் கோணத்துக்கு எந்தக் கோணம்

மூலைவிட்டம் கத ஐ இணைக்கிறோம். ஏன் இணைக்க வேண்டும்? இரண்டு நீளங்கள் சமன் என்று காட்ட இந்தத் தரத்தில் நம்மிடமுள்ள வலுவான ஆயுதம் முக்கோணிகளின் ஒருங்கிசைவு, அதாவது ஒரு முக்கோணி மற்றதன் மேல் அப்படியே பொருந்துவது. நாற்பக்கலுக்குள் முக்கோணி இல்லை, நாம்தான் உண்டாக்க வேண்டும். ஒரு மூலைவிட்டத்தைக் கீறியதும் மூன்று காரியம் ஒருமிக்க நடக்கிறது. இரண்டு முக்கோணிகள் பிறக்கின்றன. அவற்றுக்கு ஒரு பொதுப் பக்கம் கிடைக்கிறது. இரண்டு சமாந்தரச் சோடிகளுக்கும் அதே கோடு குறுக்கோடியாகிவிடுகிறது, அதாவது சோடியின் இரண்டு கோடுகளையும் வெட்டிச் செல்லும் கோடாக. ஒரு கோட்டில் இவ்வளவும் கிடைப்பதால்தான் இந்த அமைப்பு இத்தனை காலம் நிலைத்திருக்கிறது.

இனித்தான் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம். கத குறுக்கோடி. க இல் அது உச்சிக் கோணத்தை இரண்டாகப் பிரிக்கிறது: ∠சகத, ∠தகப. த இலும் இரண்டு: ∠பதக, ∠கதச. நான்கு கோணங்களில் எது எதற்குச் சமன்?

படத்தில் கச, பத இரண்டையும் சிவப்புப் பென்சிலால் தடித்துக் கீறுங்கள். மற்றச் சோடியை இரண்டு துண்டுத் தாள்களால் மறையுங்கள். மிஞ்சுவது இரண்டு சிவப்புக் கோடும் நடுவே ஒரு குறுக்கோடியும், இசட் எழுத்தை ஒத்த வடிவம். அந்த இசட்டின் இரண்டு உள் மூலைகளே ஒன்றுவிட்ட கோணங்கள்: ∠சகத, ∠பதக. அடுத்து கப, சத இரண்டையும் நீலத்தால் தடித்து, சிவப்பை மறையுங்கள். இன்னொரு இசட், சரிந்து நிற்கும். அதன் மூலைகள் ∠தகப, ∠கதச.

இந்த மறைத்தலைச் செய்யாத பிள்ளை பெரும்பாலும் எழுதுவது ∠சகத = ∠தகப என்று. அதாவது மூலைவிட்டம் உச்சிக் கோணத்தை இரு சம பாதியாக்கும் என்று. நாம் கீறிய படத்திலேயே அளந்து பார்க்கச் சொல்லுங்கள்: ஒன்று 25° அளவிலும் மற்றது 40° அளவிலும் இருக்கும். அது சாய்சதுரத்தில் மட்டுமே உண்மை.

இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே பதித்துவிட வேண்டும். ஒன்றுவிட்ட கோணம் என்று காரணம் எழுதும்போது எந்தச் சமாந்தரச் சோடி என்பதையும் சேர்த்தெழுத வேண்டும். “ஒன்றுவிட்ட கோணங்கள்” என்று மட்டும் எழுதினால் காரணம் பாதிதான். கோடுகள் சமாந்தரமில்லாவிட்டாலும் ஒன்றுவிட்ட கோணங்கள் இருக்கும், சமனாக மட்டும் இராது.

நிறுவல்

தரவு: கசதப ஓர் இணைகரம். அதாவது கச // பத, கப // சத.

நிறுவ வேண்டியது: கச = பத, கப = சத.

அமைப்பு: கத ஐ இணைத்தல்.

நிறுவல்:
△கசத, △தபக ஆகிய முக்கோணிகளில்
∠சகத = ∠பதக (கச // பத, ஒன்றுவிட்ட கோணங்கள்)
∠கதச = ∠தகப (சத // கப, ஒன்றுவிட்ட கோணங்கள்)
கத = தக (பொதுப் பக்கம்)
∴ △கசத ≡ △தபக (கோ.கோ.ப.)
∴ கச = தப, சத = பக (ஒருங்கிசையும் முக்கோணிகளின் ஒத்த பக்கங்கள்)

அவ்வளவுதான். கோ.கோ.ப. என்பது “கோணம், கோணம், பக்கம்” என்ற ஒருங்கிசைவு நிபந்தனை; பின்னால் வரும் ப.ப.ப., ப.கோ.ப. ஆகியவற்றையும் இப்படியே வாசிக்க வேண்டும். வரிகள் குறைவு என்பதால் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு வரியிலும் ஒரு பொறி உண்டு.

எழுத்துகளின் ஒழுங்கு

△கசத ≡ △தபக என்பதில் எழுத்துகள் அலங்காரத்துக்கு நிற்கவில்லை. முதல் எழுத்துக்கு முதல் எழுத்து, இரண்டாவதற்கு இரண்டாவது என்று உச்சிகள் பொருந்துகின்றன: க இற்கு த, ச இற்கு ப, த இற்கு க. இதைச் சரியாக எழுதிவிட்டால் படத்தைப் பார்க்காமலே ஒத்த பக்கங்களை எடுக்கலாம். முதல் இரண்டு எழுத்தும் கச, தப. கடைசி இரண்டும் சத, பக. முதலும் கடைசியும் கத, தக, அதாவது பொதுப் பக்கம்.

இப்போது ஒரு பிள்ளை அவசரத்தில் △கசத ≡ △கபத என்று எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு எழுத்துகளை எடுத்தால் கச = கப. அடுத்துள்ள பக்கங்கள் சமன், ஆகவே உலகத்திலுள்ள இணைகரமெல்லாம் சாய்சதுரம் என்று நிறுவியாயிற்று! எழுத்து மாறியதால் வந்த பிழை ஒரு பொய்யான தேற்றத்தையே பெற்றுவிடுகிறது. ஆகவே இதைச் சின்னத் தவறு என்று விட்டுவிடாமல் ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டும்.

ஒழுங்கைக் கண்டுபிடிக்கும் வழி: சமனான கோணங்கள் எந்த உச்சிகளில் இருக்கின்றன என்று பாருங்கள். முதற் சமன்பாட்டில் நடு எழுத்துகள் க, த. இரண்டாவதில் த, க. மிஞ்சியது ச, ப. பொருத்தம் முடிந்தது.

தாளை வெட்டிப் பார்த்தால் இது இன்னும் தெளியும். இணைகரத்தைத் தடித்த தாளில் வெட்டியெடுத்து, கத வழியே இரண்டாக்குங்கள். ஒரு முக்கோணியை மற்றதன் மேல் படிய வைக்கச் சொன்னால் பிள்ளைகள் முதலில் செய்வது மூலைவிட்டத்தின் மேல் புரட்டி மடிப்பதுதான். படியாது. மூலைவிட்டத்தில் புரட்டினால் படிவது பட்டம் என்ற நாற்பக்கலில். இணைகரத்தில் தாளைப் புரட்டாமல், மேசைமேல் வைத்தபடியே 180° சுழற்ற வேண்டும். அப்போது க போய் த இல் உட்காரும், த வந்து க இல் உட்காரும், ச ப இல் விழும். மேலே எழுதிய எழுத்து ஒழுங்கு அந்தச் சுழற்சியையே சொல்கிறது. வெட்டும் முன் இரு முக்கோணிகளின் மூலைகளிலும் எழுத்துகளைக் குறிக்க மறக்கக் கூடாது. குறிக்காமல் வெட்டினால் எது எங்கே போனதென்று தெரியாமல் போய்விடும்.

தன்னைத்தானே சாட்சிக்கு அழைக்கும் நிறுவல்கள்

திருத்தும்போது அடிக்கடி அகப்படுபவை மூன்று.

முதலாவது, ப.ப.ப. நிபந்தனை. “கச = பத, சத = கப, கத பொது, ஆகவே ஒருங்கிசையும்” என்று எழுதுவது. முதல் இரண்டு வரிகளும் நிறுவ வேண்டியவை. அவை கையில் இல்லை.

இரண்டாவது, ப.கோ.ப. இது சற்று மறைவாக வரும். கச = பத என்று ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, ஒன்றுவிட்ட கோணமும் பொதுப் பக்கமும் சேர்த்து மற்றப் பக்கத்தை நிறுவுவார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் அந்த ஒரு பக்கமும் கடன் வாங்கியதுதான்.

மூன்றாவது மிக மறைவானது. இரண்டு மூலைவிட்டங்களையும் கீறி, வெட்டும் புள்ளியை ம என்று வைத்து, “மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமகூறிடும், ஆகவே கம = மத, சம = மப; குத்தெதிர்க் கோணங்கள் சமன்; ஆகவே ப.கோ.ப.” என்று எழுதுவது. ஒவ்வொரு கூற்றும் உண்மை. பிழை எங்கே? மூலைவிட்டங்கள் இருசமகூறிடும் என்பதை நாம் நிறுவுவதே எதிர்ப் பக்கங்கள் சமன் என்பதை வைத்துத்தான். △கமச, △தமப இரண்டிலும் ∠சகம = ∠பதம, ∠கசம = ∠தபம என இரண்டு ஒன்றுவிட்ட கோணச் சோடிகள், கச = தப என்ற பக்கம், ஆகவே கோ.கோ.ப. அந்தப் பக்கம் வந்தது இன்றைய தேற்றத்திலிருந்து. மகளிடமிருந்து தாய் பிறக்க முடியாது.

எந்தத் தேற்றம் எதற்கு முன் வருகிறது என்ற வரிசையைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு நிரலாக எழுதி வைத்திருப்பது நல்லது. யூக்கிளிட் ஏறத்தாழ கி.மு. 300 அளவில் தொகுத்த நூலில் இந்த வரிசை கண்டிப்பாகப் பேணப்பட்டிருக்கிறது. முதற் புத்தகத்தில் இணைகரத் தேற்றம் 34 ஆவது. அது தங்கியிருப்பவை இரண்டு: கோ.கோ.ப. வகை ஒருங்கிசைவைச் சொல்லும் 26 ஆவது, சமாந்தரக் கோடுகளில் ஒன்றுவிட்ட கோணங்கள் சமன் என்னும் 29 ஆவது. அந்த 29 ஆவதில்தான் யூக்கிளிட் தன் ஐந்தாவது எடுகோளை முதன்முதலாகக் கையில் எடுக்கிறார். சமாந்தரம் பற்றிய அந்த எடுகோளை எடுத்துவிட்டால் இணைகரத் தேற்றமும் கூடவே சரியும். ஆசிரியர்கள் இதை அறிந்திருந்தால் “ஒன்றுவிட்ட கோணம்” என்ற வரியின் பாரம் எவ்வளவு என்று விளங்கும்.

ஒரு சோடி மட்டும் சமாந்தரமானால்

நிறுவல் விளங்கியதா என்று சோதிக்க நல்ல வழி, ஒரு தரவைப் பிடுங்கிவிட்டு எந்த வரி விழுகிறது என்று பார்ப்பது. கப // சத என்பதை எடுத்துவிடுங்கள். படம் சரிவகமாகிறது. முதற் கோணச் சமன்பாடு நிற்கும், பொதுப் பக்கமும் நிற்கும், இரண்டாவது கோணச் சமன்பாடு விழுந்துவிடும். ஒரு கோணமும் ஒரு பக்கமும் வைத்து ஒருங்கிசைவு சொல்ல முடியாது. ஆகவே முடிவும் விழுந்தது. இரண்டு சமாந்தரச் சோடிகளும் ஏன் வேண்டும் என்பது இதில் வெளிச்சமாகிறது: ஒவ்வொரு சோடியும் ஒரு கோணச் சமன்பாட்டைத் தருகிறது, ஒன்று குறைந்தாலும் கணக்குத் தீராது.

மறுதலையும் அதன் பொறியும்

தேற்றம் சமாந்தரத்திலிருந்து சமனுக்குப் போகிறது. மறுதலை சமனிலிருந்து சமாந்தரத்துக்கு: நாற்பக்கல் ஒன்றின் எதிர்ப் பக்கங்கள் சமனெனில் அது இணைகரம். இங்கே ப.ப.ப. தான் சரியான நிபந்தனை, ஏனெனில் பக்கங்கள் இப்போது தரவு. கச = தப, சத = பக, கத பொது. ஆகவே △கசத ≡ △தபக. ஆகவே ∠சகத = ∠பதக, இவை ஒன்றுவிட்ட கோணங்கள், ஆகவே கச // பத. மற்றச் சோடியும் அவ்வாறே. வகுப்பில் இரண்டையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்தால் ப.ப.ப. எங்கே, கோ.கோ.ப. எங்கே என்று குழம்பிவிடும். இடையில் ஒரு நாளாவது விடுவது நல்லது.

ஒரு சோடி எதிர்ப் பக்கங்கள் சமனும் சமாந்தரமுமானால் போதும், அதுவும் இணைகரம். கச = தப, ∠சகத = ∠பதக, கத பொது. கோணம் அந்த இரு பக்கங்களுக்கும் இடையில் இருக்கிறது, ப.கோ.ப. பொருந்துகிறது.

ஆனால் ஒரு சோடி சமாந்தரம், மற்றச் சோடி சமன் என்றால்? கச // பத, கப = சத என்று தந்தால் பிள்ளைகள் இதையும் ப.கோ.ப. என்று எழுதிவிடுவார்கள். பாருங்கள்: △கசத இல் கையிலுள்ள பக்கங்கள் சத, கத. கையிலுள்ள கோணம் க இல். அது சத, கத இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் அல்ல, சத இற்கு எதிரே இருக்கிறது. நிபந்தனை பொருந்தாது. முடிவும் எப்போதும் உண்மையாகாது: இரு சரிவுப் பக்கங்களும் சமனான சரிவகம் தரவை முழுதாக நிறைவேற்றும், ஆனால் இணைகரம் ஆகாது.

வயலிலும் அத்திவாரத்திலும்

படுவான்கரையிலும் சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கத்து வட்டைகளிலும் சரிந்த நாற்பக்கலான வயல்கள் எத்தனையோ. சமாந்தரமான இரண்டு வாய்க்கால்களை சமாந்தரமான இரண்டு வரம்புகள் சரிவாக வெட்டினால் நடுவில் அகப்படும் வயல் இணைகரம். அப்போது ஒரு வரம்பை அளந்தால் மற்ற வரம்பை அளக்கத் தேவையில்லை. ஆனால் சமாந்தரமா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும், கண்ணால் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஒரு வரம்பில் இரண்டு இடங்களிலிருந்து மற்ற வரம்புக்குச் செங்குத்தாக அளந்து, இரண்டு அளவும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். இதேபோல வாய்க்கால்களுக்கும்.

பரப்பளவில் ஒரு எச்சரிக்கை. பக்கங்கள் 60 மீற்றர், 40 மீற்றர், இடைக் கோணம் 65° என்றால் பரப்பு 60 × 40 = 2400 சதுர மீற்றர் ஆகாது. 60 மீற்றர் பக்கத்துக்குச் செங்குத்தான உயரம் ஏறக்குறைய 36.25 மீற்றர்தான். பரப்பு ஏறக்குறைய 2175 சதுர மீற்றர். 225 சதுர மீற்றர் இல்லாத காணி கணக்கில் ஏறிவிடும்.

வீட்டு அத்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது மறுதலை வேலைக்கு வருகிறது. எதிர்ப் பக்கங்கள் 40 அடியும் 40 அடியும், 30 அடியும் 30 அடியும் என்று நான்கு முளைகளும் நிற்கின்றன, கயிறுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டவில்லை. மறுதலைப்படி இது இணைகரம், சந்தேகமில்லை. ஆனால் செவ்வகமா? பக்கங்கள் அதைச் சொல்லா. நான்கு முளைகளையும் சற்றே சரித்தாலும் பக்கங்கள் அதே 40, 30 ஆக நிற்கும். அதனால்தான் மேசன்மார் மூலைக்கு மூலை அளக்கிறார்கள். இரண்டு மூலைவிட்டமும் 50 அடி என்றால் செவ்வகம். ஒன்று 48 அடி என்று வந்தால் மற்றது ஏறக்குறைய 51 அடி 11 அங்குலம் வரும், ஏனெனில் இணைகரத்தின் மூலைவிட்டங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை நான்கு பக்கங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்குச் சமன்: 2 × (1600 + 900) = 5000. குறுகிய மூலைவிட்டத்தின் முளைகளை வெளியே தள்ளி, இரண்டும் 50 ஆகும் வரைக்கும் திருத்த வேண்டும், பக்க அளவுகளை ஒவ்வொரு முறையும் மறுபடி பார்த்துக்கொண்டு.

மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்களில் சாய்வாகப் போகும் கம்பிகளையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மூட்டுகளில் மட்டும் இணைத்த நான்கு சட்டங்கள் எதிர்ப் பக்கங்களைச் சமனாக வைத்துக்கொண்டே சரிந்துபோகும். மூலைவிட்டம் ஒன்று ஏறினால் இரண்டு முக்கோணிகளாகி வடிவம் அசையாது.

தேற்றத்தைப் பயன்படுத்தல்

கணிப்புக் கேள்விகளில் அதிகம் சொல்ல இல்லை. கச = 3ய + 1, பத = ய + 9 என்றால் 3ய + 1 = ய + 9, ய = 4, பக்கம் 13. சத = 2ர − 1, கப = ர + 4 என்றால் ர = 5, பக்கம் 9. சுற்றளவு 44. இங்கே வரும் பிழை ஒன்றுதான்: படத்தைக் கீறாமல், அடுத்துள்ள பக்கங்களைச் சமப்படுத்துவது.

ஏறிகளில்தான், அதாவது தேற்றத்தைப் பயன்படுத்தி வேறொன்றை நிறுவும் கணக்குகளில்தான், தேற்றம் உயிர்பெறுகிறது. ஒன்றை முழுதாகப் பார்ப்போம்.

கசதப இணைகரத்தில் ச, ப ஆகியவற்றிலிருந்து மூலைவிட்டம் கத இற்கு வரைந்த செங்குத்துகள் கத ஐ முறையே ம, வ இல் சந்திக்கின்றன. சமபவ ஓர் இணைகரம் என நிறுவுக.

எதை நிறுவினால் போதும் என்று முதலில் யோசியுங்கள். சம, பவ இரண்டும் ஒரே கோட்டுக்குச் செங்குத்து, ஆகவே சமாந்தரம் இலவசமாகக் கிடைக்கிறது. சம = பவ என்று காட்டிவிட்டால் “ஒரு சோடி சமனும் சமாந்தரமும்” என்ற முடிவு கைகொடுக்கும்.

△கசம, △தபவ ஆகிய முக்கோணிகளில்
∠கமச = ∠தவப = 90° (தரவு)
∠சகம = ∠பதவ (கச // பத, ஒன்றுவிட்ட கோணங்கள்)
கச = தப (இணைகரத்தின் எதிர்ப் பக்கங்கள்)
∴ △கசம ≡ △தபவ (கோ.கோ.ப.)
∴ சம = பவ
சம // பவ (இரண்டும் கத இற்குச் செங்குத்து)
∴ சமபவ ஓர் இணைகரம் (ஒரு சோடி எதிர்ப் பக்கங்கள் சமனும் சமாந்தரமும்)

மூன்றாவது வரியில் “இணைகரத்தின் எதிர்ப் பக்கங்கள்” என்று ஒரே தொடரில் முடித்துவிட்டோம். இங்கே அது அனுமதி, ஏனெனில் தேற்றம் ஏற்கெனவே நிறுவப்பட்டது. தேற்றத்தையே நிறுவச் சொன்ன கேள்வியில் அந்தத் தொடரை எழுதினால் புள்ளி போய்விடும். பலர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. கேள்வி “தேற்றத்தை நிறுவுக” என்கிறதா, தேற்றத்தைப் பயன்படுத்தச் சொல்கிறதா என்று முதல் வாசிப்பிலேயே பென்சிலால் அடிக்கோடிட வேண்டும்.

இந்த ஏறிக்குச் சாய்சதுரம் கீறிவிட்டால் ம, வ இரண்டும் ஒரே புள்ளியில் விழுந்து நாற்பக்கலே மறைந்துவிடும். ஆரம்பத்தில் சொன்ன 6, 4, 65° படம் இதற்கும் அப்படியே உதவும். அதில் ம, வ இரண்டும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 2.4 சென்ரிமீற்றர் தள்ளி விழும்.

பயிற்சிக்கு: முதல் தேற்றத்தையே மற்ற மூலைவிட்டம் சப ஐ இணைத்து, கொப்பியைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். ஒருங்கிசைவு வரி △கசப ≡ △தபச என்று வர வேண்டும். வேறு ஒழுங்கில் வந்தால் இசட்டை மறுபடி தேடுங்கள்.